ஒரு முழ மண்ணின் விலை

“அக்கா, ஒரு முழ மண்தானே. எடுத்தால் கீழேயும் மண்தானே இருக்கு” என்று தம்பி தொலைபேசியில் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நான் இருப்பது கொழும்பு பாமன்கடையில், வாய்க்காலுக்கு அருகே ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். தம்பி இருப்பது திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், வெருகல் ஆற்றுப் பக்கம். அங்கே அம்மாவின் சீதனக் காணியாக எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. 2006 யூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதும் தொடங்கிய சண்டையில் அந்த வயலை விட்டு ஓடினோம். வாகரை, பிறகு மட்டக்களப்பு முகாம்கள் என்று அலைந்து, 2007 இல் தம்பி குடும்பம் மீளக்குடியேறியது. நான் பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டேன்.

இப்போது தம்பிக்கு உழவு இயந்திரத்தின் லீசிங் கட்டணம் மூன்று மாதம் நிலுவை. இந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் பள்ள வயலில் ஒரு ஏக்கரில் மட்டும், ஒரு முழ ஆழத்துக்கு மண் எடுக்கக் கேட்டிருக்கிறார். காசு கையில். “வயல் அப்படியே இருக்கும், கொஞ்சம் பள்ளமாகும், தண்ணி இன்னும் நல்லா நிக்கும்” என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார்.

இருபது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவள் நான். “வண்டல் மண் வளமானது, நெற்செய்கைக்கு உகந்தது” என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஏன் வளமானது, எவ்வளவு ஆழத்துக்கு வளமானது, எடுத்தால் திரும்ப வருமா என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. தம்பி கேட்டான். அவனுக்குச் சொல்லத் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை. காணி ஊரிலும் வாழ்க்கை கொழும்பிலோ வெளிநாட்டிலோ என்று இருக்கும் பலருக்கு இதே அழைப்பு வந்திருக்கும், அல்லது இனி வரும்.

மலையிலிருந்து வந்த மண்

வண்டல் என்பது அந்த இடத்திலேயே உண்டான மண் அல்ல. வேறோர் இடத்தில் பாறையாக இருந்து, உடைந்து, தண்ணீரில் பயணம் செய்து வந்து படிந்தது. மகாவலி மத்திய மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. இலங்கையின் மிக நீளமான ஆறு இதுவே. தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் இந்த ஒரு ஆற்றுக்குள்தான் வடிகிறது. முடிவில் ஆறு பிரிந்து, ஒரு கிளை கொட்டியாரக் குடாவிலும், வெருகல் ஆறு என்ற மற்றக் கிளை அதற்குத் தெற்கேயும் கடலைத் தொடுகின்றன.

மலைநாட்டின் பாறைகள் மிகப் பழையவை. வெயிலிலும் மழையிலும் அவை மெல்ல மெல்ல உக்குகின்றன. பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் எளிதில் கரையாது. அது மணலாக மிஞ்சுகிறது. பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நீருடன் தாக்கமடைந்து களியாக மாறுகிறது. ஆற்று மணலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மினுங்கும் தகடுகள் தெரியும். அது காக்காய்ப்பொன். கண்டிப் பக்கத்து மலையில் இருந்த பாறையின் துண்டு வெருகலில் நம் கையில் கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

இன்றைய கழிமுகங்கள் புவியியல் கணக்கில் இளமையானவை. கடைசிப் பனிக்காலம் முடிந்து உயர்ந்துகொண்டிருந்த கடல் மட்டம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் ஓரளவு நிலைகொண்டது. அதன் பிறகே நைல், கங்கை, காவிரி போன்ற உலகின் பெரிய ஆறுகள் இன்று நாம் காணும் கழிமுகங்களைக் கட்டத் தொடங்கின. கொட்டியாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. குடாவின் அடியில் மிக ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்ட வரை வருகிறது. ஆறு கொண்டுவரும் மண்ணில் ஒரு பகுதி அதற்குள் இறங்கிப் போய்விடும். கரையில் தங்கிய மிச்சத்தில்தான் எங்கள் ஊர்கள் இருக்கின்றன.

ஆறு மண்ணைத் தரம் பிரிக்கும்

ஓடும் தண்ணீருக்கு இருக்கும் வேகம்தான் அதன் சுமக்கும் பலம். வேகமாக ஓடும்போது கல்லையும் உருட்டும். வேகம் குறையக் குறைய, பாரமானதை முதலில் கீழே போடும். நுண்ணியதைக் கடைசியில் போடும். மணல் என்பது 2 மில்லிமீற்றர் முதல் 0.05 மில்லிமீற்றர் வரையான துகள். அதைவிடச் சிறியது மண்டி. 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது களி. களித் துகளைக் கண்ணால் பார்க்க முடியாது.

மாரியில் ஆறு கரை கடந்து பாயும்போது, கரையைத் தாண்டிய உடனேயே தண்ணீரின் வேகம் சட்டென்று குறைகிறது. ஆகவே கரையோரத்திலேயே மணலும் பருமண்டியும் விழுகின்றன. ஆயிரக்கணக்கான வெள்ளங்களில் இது திரும்பத் திரும்ப நடந்து, ஆற்றின் இருபுறமும் நீளமான மேடு உண்டாகிறது. வீடுகள், கோயில், தென்னை, கச்சான், சோளம், வெங்காயம் எல்லாம் இந்த மேட்டில்தான். மேட்டுக்கு அப்பால் நிலம் தாழ்கிறது. அங்கே வெள்ளம் நாட்கணக்கில் அசையாமல் நிற்கும். அந்த அமைதியில் நுண்மண்டியும் களியும் படிகின்றன. அதுதான் வயல். அதற்கும் அப்பால், பழைய ஆற்று வளைவுகள் அறுபட்டுக் குளம்போல் கிடக்கும். அவற்றை வில்லு என்கிறோம். மன்னம்பிட்டிக்குக் கீழே மகாவலியின் இருமருங்கும் இந்த வில்லுகள் நிறைய உண்டு. கோடையில் மாடுகளுக்குப் புல்லும் தண்ணீரும் கிடைப்பது அங்கேதான்.

ஊரில் யாரும் இதைப் புத்தகத்தில் படித்து வீட்டையும் வயலையும் பிரிக்கவில்லை. ஆறு பிரித்து வைத்ததை மனிதர் கண்டுகொண்டார்கள்.

ஒவ்வொரு வெள்ளமும் வரம் என்று சொல்வதற்கில்லை. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளத்தில் எங்கள் வட்டையும் போனது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், கரை உடைத்துப் பாய்ந்த மூலையில் முழங்கால் உயரத்துக்கு வெறும் மணல். அங்கே நெல் விதைக்க அடுத்த இரண்டு போகமும் முடியவில்லை. ஆனால் தூரத்தில் இருந்த பள்ள வயலில் ஒரு விரல்கடை கனத்துக்குச் சேறு படிந்து, காய்ந்து, ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. உழுது விதைத்தபோது அந்தத் துண்டில்தான் வேளாண்மை கரும்பச்சையாக நின்றது. ஒரே வெள்ளம், ஒரே வயல், இரண்டு விதமான மண்.

சமையலறையில் நாலு போத்தல்

தம்பியின் கேள்விக்குப் பதில் தேட, வயலில் நாலு இடத்து மண்ணைக் கேட்டேன். ஆற்றோர மேட்டில் ஒன்று, நடுவயலில் ஒன்று, அவர் கேட்ட பள்ள வயலின் மேல்மண் ஒன்று. நாலாவது, அதே பள்ள வயலில் ஒரு முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அடியிலிருந்து எடுத்த மண். சொப்பிங் பைகளில் கட்டி, பெயர் எழுதி, கொழும்பு பஸ்ஸில் அனுப்பிவிட்டான்.

பரிசோதனை எளிது. வீட்டில் யாரும் செய்யலாம். நேரான, தெளிவான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண். கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். மேலே தண்ணீர் நிரப்பி, ஒரு தேக்கரண்டி சலவைத் தூள் போட்டு, மூடி, பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைக்க வேண்டும். முதல் ஒரு நிமிடத்தில் படிவது மணல். அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அடுத்த சில மணித்தியாலங்களில் படிவது மண்டி. இரண்டாவது கோடு. மிச்சம் களி. அது படிய ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். மேலே மிதக்கும் கறுப்புத் துணுக்குகள் உக்கிய இலை, வேர், வைக்கோல்: சேதனப் பொருள். பிறகு அடிமட்டத்தால் அளந்தால் எது எவ்வளவு என்று தெரியும்.

என் போத்தல்களில், பத்துச் சென்ரிமீற்றர் படிவில், ஆற்றோர மேட்டு மண்ணில் மணல் மட்டும் ஏழு. நடுவயலில் மணல் நாலு, மண்டி நாலு, களி இரண்டு. பள்ள வயலின் மேல்மண்ணில் மணல் இரண்டு, மண்டி நாலு, களி நாலு. நாலாவது போத்தலைப் பார்த்து நான் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அதில் எட்டுச் சென்ரிமீற்றர் மணல்.

எங்கள் பள்ள வயலுக்குக் கீழே ஒரு பழைய ஆறு படுத்திருக்கிறது. எந்தக் காலத்திலோ வெருகல் ஆறு அந்த வழியால் ஓடியிருக்க வேண்டும். பிறகு விலகிப் போனது. அதன் மணற்படுக்கையை ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றால் மூடி, ஒரு முழ ஆழத்து வயலை உண்டாக்கியிருக்கிறது. அந்த ஒரு முழம்தான் வயல். வந்தவர் கேட்டதும் அதே ஒரு முழம். அதை எடுத்த பிறகு அவருக்கு என்ன கிடைக்கும் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேல்மண் செங்கல் சூளைக்கும் நிரப்பலுக்கும் போகும். அடியில் இருப்பதோ கட்டட மணல்.

தண்ணீர் நிற்பதன் காரணம்

நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். களியும் மண்டியும் கலந்த மண்ணைச் சேறாக்கி, வருடா வருடம் மாடும் உழவு இயந்திரமும் மிதித்ததால், மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில் இறுகிய அடுக்கு ஒன்று உண்டாகிறது. அதுதான் தண்ணீரைத் தாங்கும் தட்டு. அதை உடைத்து மணலைத் திறந்துவிட்டால், ஊற்றும் தண்ணீர் எல்லாம் கீழே போய்விடும். கோடையில் எவ்வளவு பாய்ச்சினாலும் நிற்காது. மாரியில் பள்ளமாகத் தண்ணீர் நிற்பது உண்மைதான். அது ஆழத் தண்ணீர். இளம் பயிரை மூழ்கடிக்கும். “தண்ணி இன்னும் நல்லா நிக்கும்” என்ற விளக்கம் ஆறு மாதத்துக்குப் பொய், மற்ற ஆறு மாதத்துக்கு ஆபத்து.

வெட்டிய கிடங்கின் பக்கச்சுவரைப் படம் எடுத்து அனுப்பும்படியும் கேட்டிருந்தேன். மேலே கடும் பழுப்பு. அதன் கீழே சாம்பல் நிறம், இடையிடையே துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள். இந்த நிறங்களும் பேசும். மண்ணில் இரும்பு உண்டு. காற்றுப் படும் இடத்தில் அது சிவக்கும். தண்ணீர் நின்று காற்று இல்லாத இடத்தில் சாம்பலாகும். நெல்லின் வேர் இலையிலிருந்து காற்றைக் கீழே கொண்டுபோவதால், வேரைச் சுற்றி மட்டும் துரு படிகிறது. செம்புள்ளிகள் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கின்றனவோ, அவ்வளவு ஆழத்துக்கு எங்கள் முந்தையோரின் நெல் வேர் விட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வளம் எங்கே தங்கியிருக்கிறது

களித் துகள் மிகச் சிறியது என்பதால் அதன் மேற்பரப்பு மிகப் பெரியது. ஒரு தேக்கரண்டிக் களியின் துகள்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு சிறு வீட்டின் தரையை மூடலாம். அந்த மேற்பரப்பில் மறை மின்னேற்றம் இருப்பதால், கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் போன்ற போசணைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கிறது. மணலுக்கு இந்தக் குணம் இல்லை. மணலில் போட்ட பசளை அடுத்த மழையில் போய்விடும். உக்கிய சேதனப் பொருளும் களியைப் போலவே போசணையைப் பிடித்து வைக்கும். கூடவே நைதரசனையும் சுமக்கும். அது பெரும்பாலும் மேல் ஒரு சாணில்தான் இருக்கிறது.

வண்டல் எல்லாப் பசளையையும் தானே தரும் என்று நினைப்பதும் பிழை. ஆற்று மண்ணில் நைதரசன் பொதுவாகக் குறைவு. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டபோது ஆற்றோர விவசாயிகளும்தான் விளைச்சலை இழந்தார்கள். வண்டல் செய்வது வேறு: போட்ட பசளையை வீணாக்காமல் வைத்திருக்கும், மழை பிந்தினாலும் ஈரத்தைச் சில நாட்கள் கூடத் தாங்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு முழம் ஒன்றரை அடி. இரண்டையும் பெருக்கினால் 65,340 கன அடி. அதாவது 653 கியூப். ஒரு டிப்பர் மூன்று கியூப் ஏற்றினால் ஏறத்தாழ 218 லோட். “ஒரு முழ மண்தானே” என்பது 218 டிப்பர். தம்பிக்குச் சொன்ன காசை 218 ஆல் பிரித்தபோது, ஒரு டிப்பருக்கு வந்த தொகையில் பாமன்கடைச் சந்தியில் இரண்டு பேர் மத்தியானம் சாப்பிடலாம்.

இன்னொரு கணக்கு. மேல் ஆறு அங்குல மண் மட்டும் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 800 தொன். அதில் நைதரசன் 0.1 வீதம் என்று வைத்தால் 800 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஆகவே 50 கிலோ யூரியாப் பைகளில் 35 பைக்குக் கிட்ட. இது ஒரேயடியாகப் பயிருக்குக் கிடைப்பதில்லை. வருடா வருடம் கொஞ்சமாக உக்கிக் கிடைக்கும். ஆனால் டிப்பரில் போகும்போது ஒரேயடியாகப் போகும்.

ஆறு திரும்பத் தருமா?

தம்பி இதையும் கேட்டான். “ஆறு கொண்டுவந்த மண்தானே அக்கா. அடுத்த வெள்ளத்துக்குத் திரும்ப வரும்.” அந்த நம்பிக்கை அம்மாவின் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். இப்போது இரண்டு காரணங்களால் சரியில்லை.

முதலாவது, அணைகள். 1976 இல் பொல்கொல்லை, 1985 இல் கொத்மலையும் விக்டோரியாவும் வந்தன. பிறகு ரந்தெனிகல, ரந்தம்பை. ஓடும் தண்ணீர் நீர்த்தேக்கத்தில் நிற்கும்போது, வயலில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது: சுமந்து வந்த மண் அடியில் படிகிறது. மலைநாட்டின் தேயிலைச் சரிவுகளிலிருந்து கழுவி வரும் மண்ணில் பெரும் பங்கு இப்போது கழிமுகம் வரை வருவதில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1934 இல் மேட்டூர் அணை வந்த பிறகு தஞ்சைக்கு வரும் காவிரி வண்டல் குறைந்தது. எகிப்தில் 1970 இல் அசுவான் பேரணை முடிந்த பிறகு நைல் வெள்ளம் நின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆற்றுச் சேற்றில் விளைவித்த விவசாயிகள் பசளைப் பைக்கு மாறினார்கள். கழிமுகத்தின் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது.

இரண்டாவது, மணல் அகழ்வு. ஆற்றுப் படுக்கையிலிருந்து மணலை அள்ளும்போது ஆறு தாழ்கிறது. தாழ்ந்த ஆறு கரை கடந்து வயலுக்கு வருவது குறையும். கரையை அடியில் அரித்து விழுத்துவது கூடும். கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். கடலுக்குக் கிட்ட என்றால், படுக்கை கடல் மட்டத்துக்குக் கீழே போனதும் உவர்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும்.

உவர் ஏறுவதை வெருகலுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. கொழும்பின் பெரும்பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வருவது களனி ஆற்றின் அம்பத்தலையிலிருந்து. களனியில் மணல் அள்ளி அள்ளிப் படுக்கை தாழ்ந்ததால், கோடையில் கடல்நீர் அம்பத்தலை வரை ஏறி வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடைகளை அடுக்கி மறித்தார்கள். பின்னர் நிரந்தரத் தடுப்பு கட்ட வேண்டி வந்தது. ஆற்றிலிருந்து எடுத்த மணலில் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, அதே ஆற்றில் உப்பு ஏறாமல் மறிக்கும் செலவையும் ஒரு நகரம் சுமந்தது.

உப்பு களியை என்ன செய்யும் என்று பார்க்கவும் ஒரு போத்தல் போதும். இரண்டு போத்தலில் கலங்கல் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு பிடி உப்புப் போடுங்கள். உப்புப் போட்டதில் களி திரண்டு விரைவாகப் படியும். ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உப்பு வயலுக்குள் வந்து, பிறகு மழைநீர் உப்பைக் கழுவி, சோடியம் மட்டும் களியில் தங்கிவிட்டால் நிலைமை மாறும். மண் இறுகி, மேலே தோல் கட்டி, முளையைத் தடுக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் காணிகளில் பயிர் வைத்தவர்களுக்கு உவர் மண் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

கொழும்பு நிரப்பிய மண்

பாமன்கடையில் என் யன்னலுக்குக் கீழே ஓடும் வாய்க்காலும் இந்தக் கதைக்குள் வரும். களனி ஆறு 145 கிலோமீற்றர் ஓடி வந்து, கடலை நெருங்கும் இடத்தில் பரந்த சதுப்பு நிலங்களை உண்டாக்கியது. இங்கே மழை கூட, வெள்ளம் வடிவது குறைவு. அதனால் இலையும் வேரும் முழுதாக உக்காமல் கறுத்த முற்றா நிலக்கரி மண்ணாகச் சேர்ந்தது. அவற்றில் பல ஒருகாலத்தில் வயல்கள். பெல்லன்வில, அத்திடிய போன்ற சில இடங்களே மிஞ்சின. மற்றவற்றைச் செம்மண் கொண்டுவந்து நிரப்பி வீடு கட்டினார்கள். நிரப்பிய மண்ணுக்குத் தண்ணீரை உறிஞ்சி வைக்கும் குணம் இல்லை. 2016 மே மாதத்தில் கொலன்னாவைப் பக்கம் நாட்கணக்கில் வெள்ளம் நின்றதற்கு இந்த நிரப்பலும் ஒரு காரணம். எஞ்சிய சதுப்புகளின் பெறுமதி பின்னர்தான் பேசப்பட்டது. 2018 இல் கொழும்புக்கு ரம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

வாய்க்காலைத் தோண்டும்போது கரையில் குவிக்கும் கறுத்த சேற்றைக் காட்டி, “அப்பம்மா, இதில நெல் விளையுமா?” என்று பேரன் கேட்டான். பார்வைக்கு வண்டல்தான். ஆனால் நகரத்தின் கழிவுநீரும் எண்ணெயும் கலந்த சேற்றில் உணவுப் பயிர் வைக்கக்கூடாது. ஆறு கொண்டுவருவது எல்லாம் வளம் அல்ல. ஆற்றுக்குள் மேலே என்ன போகிறதோ, அதுவே கீழே படியும்.

நாங்கள் செய்ததும், நீங்கள் செய்யக்கூடியதும்

போத்தல்களின் படத்தை அனுப்பி, கணக்கையும் சொன்னேன். தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப லீசிங்?” என்றான். அவன் கேட்டது நியாயம். மண்ணைக் காப்பாற்று என்று பாமன்கடையில் இருந்து சொல்வது இலகு. நானும் மகனும் இரண்டு மாதக் கட்டணத்தைக் கட்டினோம். ஆற்றோர மேட்டில் அரை ஏக்கரை ஒரு போகத்துக்குக் கச்சான் செய்யக் குத்தகைக்குக் கொடுத்தான். மிச்ச நிலுவைக்குத் தவணை கேட்டிருக்கிறான். மண் விற்றால் வந்திருக்கும் காசுக்கு இது ஈடில்லை. ஆனால் அடுத்த பெரும்போகத்துக்கு வயல் இருக்கும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில விடயங்கள்.

நெற்காணியை நிரப்புவதோ, அதன் மண்ணை எடுப்பதோ சொந்தக்காரரே நினைத்தபடி செய்யக்கூடியதல்ல. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி தேவை. வர்த்தகத்துக்காக மண், மணல் அகழவும் ஏற்றிச் செல்லவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று வருபவரிடம் முதலில் அந்தக் கடதாசியைக் கேளுங்கள். காணி உங்கள் பெயரில் என்றால் கேள்விக்கு உள்ளாவதும் நீங்கள்தான்.

மண் எடுக்க யோசிக்கும் முன் ஒரு கிடங்கு வெட்டிப் பாருங்கள். ஆனால் யுத்தம் நடந்த காணிகளில், அதுவும் வெள்ளம் பாய்ந்த இடங்களில், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற உறுதி இல்லாமல் வெட்டக்கூடாது. வெள்ளம் பழைய வெடிபொருட்களை இடம் மாற்றிக் கொண்டுவரும். சந்தேகமான எதைக் கண்டாலும் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

வருடக்கணக்கில் கைவிட்ட வயலுக்குத் திரும்புபவர்கள், தூர்ந்த வாய்க்காலிலும் சிறு குளத்திலும் படிந்திருக்கும் நல்ல மண்ணை, கமக்காரர் அமைப்பு ஊடாக அனுமதி பெற்றுத் தூர்வாரும்போது வயலில் பரப்பலாம். நம் முந்தையோர் குளத்து மண்ணை வண்டில் வண்டிலாக வயலுக்கு ஏற்றியது இதற்காகத்தான். வெள்ளத்தில் வந்து படிந்த மணல் இரண்டு விரல் கனம் என்றால் உழுது கலக்கலாம். முழங்கால் அளவென்றால் அகற்றத்தான் வேண்டும், அதற்கும் அனுமதியோடு. வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே உக்கவிட்டால் களியோடு சேர்ந்து மேல்மண் மெல்ல மெல்லத் தேறும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இதைத் தனியாக முடிவெடுக்காதீர்கள். போன கிழமை தம்பி மீண்டும் அழைத்தான். மண் கேட்டு வந்தவர் இப்போது எங்கள் வரம்புக்கு அடுத்த வயலுக்குப் போயிருக்கிறார். அந்தக் காணியின் சொந்தக்காரர் கனடாவில். அங்கே ஒரு முழம் வெட்டினால், எங்கள் வயலின் தண்ணீர் வரம்புக்குக் கீழால் கசிந்து அந்தக் கிடங்குக்குள் இறங்கும். நாங்கள் விற்காத மண்ணில் தண்ணீர் நிற்காது.

தம்பி வட்டவிதானையோடு கதைத்து, வட்டைக்காரர் எல்லோரையும் கமநல சேவைகள் நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். வருகிற செவ்வாய் கூட்டம். கனடாக்காரரின் இலக்கத்தை நான் தேடி எடுத்துவிட்டேன். இன்று இரவு, அங்கே விடிந்த பிறகு, அழைக்கப் போகிறேன். நாலாவது போத்தலின் படத்தை முதலில் அனுப்பிவிட்டுத்தான் பேசுவதாக இருக்கிறேன்.